எட்டு மணிக்கே பிறந்துவிட்ட புத்தாண்டு: ஜாலான் புசார் ரஷ்ய உணவகத்தில் இரண்டு இரவுகள்

சிங்கப்பூரின் ஜாலான் புசார் வட்டாரத்தில், இரும்புச் சாமான் கடைகளுக்கு நடுவே ஒரு கடைவீட்டின் கீழ்த்தளத்தில் இயங்கும் சிறிய ரஷ்ய உணவகத்துக்கு இரண்டு முறை சென்றுவந்தேன். 2024 டிசம்பர் 31 அன்று புத்தாண்டுச் சிறப்பு விருந்துக்காகத் தோழியுடன் ஒரு முறை. 2025 ஜனவரி 13 அன்று, நம் நாள்காட்டியில் போகி என்று குறித்திருந்த திங்கட்கிழமை, அம்மாவை அழைத்துக்கொண்டு மறுமுறை. இரண்டு இரவுகளிலும் சமைத்தவர் ஒருவரே. மேசைக்கு வந்த பண்டங்களிலும் சில அவையே. ஆயினும் முதல் முறை 282 வெள்ளி 96 காசு கொடுத்துவிட்டு மனக்குறையோடு வெளியே வந்தேன். இரண்டாம் முறை 87 வெள்ளி 53 காசு கொடுத்துவிட்டு, மிச்சத்தைப் பொட்டலம் கட்டிக்கொண்டு நிறைவோடு வந்தேன். அந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது என்பதைத்தான் எழுதப்போகிறேன். கடையின் பெயரைக் குறிப்பிடவில்லை. குறைகளையும் சொல்லவிருக்கிறேன் என்பது ஒரு காரணம். இருபத்திரண்டே இருக்கைகள் உள்ள இடத்தில் அடுத்த ஆண்டு எனக்கும் ஓர் இருக்கை வேண்டும் என்பது மற்றொரு காரணம்.

நான் 2015 இலையுதிர்காலத்திலிருந்து 2018 கோடைவரை சைபீரியாவின் இர்குத்ஸ்க் நகரில் படித்தவள். முதல் ஆண்டு அயல்நாட்டு மாணவர்களுக்கான ஆயத்தப் பிரிவில் ரஷ்ய மொழி மட்டும். அடுத்த இரண்டு ஆண்டுகள் நன்னீர் வேதியியலில் முதுகலை. தண்ணீரைப் பற்றிப் படிப்பதற்கு, 1,642 மீட்டர் ஆழமுள்ள பைக்கால் ஏரிக்கு அருகில் உள்ள ஊரைவிடப் பொருத்தமான இடம் கிடையாது என்று வீட்டில் வாதாடி வென்றேன். குடிநீருக்குக் குழாய் வழியே அண்டை நாட்டையும் நம்பியிருக்கும் தீவில் வளர்ந்தவர்களிடம் அந்த வாதம் எளிதில் எடுபட்டது. ஏரியிலிருந்து புறப்படும் அங்காரா ஆறு நகரின் நடுவே ஓடுகிறது. அணைக்குக் கீழே இருப்பதால் அந்தப் பகுதியில் ஆறு கடுங்குளிரிலும் முழுவதுமாக உறைவதில்லை. நீரிலிருந்து எழும் ஆவி கரையோரத்து மரக்கிளைகளில் படிந்து வெள்ளை வெளேரென்று பூத்து நிற்கும். வெப்பமானி சுழியத்துக்குக் கீழே முப்பதைக் காட்டிய காலைகளில் அந்த ஆவிக்குள் நடந்து வகுப்புக்குப் போயிருக்கிறேன். இன்னொன்றையும் இங்கே சொல்லி வைக்க வேண்டும், ஏனென்றால் பின்னால் தேவைப்படும்: இர்குத்ஸ்க் நேரமும் சிங்கப்பூர் நேரமும் ஒன்றே. மாஸ்கோ நம்மைவிட ஐந்து மணி நேரம் பின்தங்கி இருக்கிறது. இர்குத்ஸ்கில் இருந்த மூன்று ஆண்டுகளும் நான் கைக்கடிகாரத்தைத் திருப்பி வைத்ததே இல்லை.

அங்கே எனக்கு ஏற்பட்ட முதல் வியப்பு உணவு பற்றியதன்று, பெயர் பற்றியது. ரஷ்யாவில் ஆசிரியரையோ மூத்தவரையோ மரியாதையாக அழைக்க வேண்டுமானால் அவருடைய பெயரோடு தந்தை பெயரிலிருந்து பிறந்த ஒரு சொல்லையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். என் அடையாள அட்டையில் பெயருக்கும் அப்பா பெயருக்கும் இடையே உள்ள 'டி/ஓ' (இன்னாரின் மகள்) என்னவென்று கேட்ட பேராசிரியர், விளக்கத்தைக் கேட்டதும் மேசையைத் தட்டிச் சிரித்துவிட்டு, 'அப்படியானால் நீங்கள் மனோகரோவ்னா' என்றார். வங்கியிலும் மருந்தகத்திலும் எத்தனையோ முறை விளக்கிச் சலித்த அந்த இரண்டு எழுத்துகளை ஒரே விளக்கத்தில் புரிந்துகொண்ட ஒரே நாடு அதுதான்.

இனி விருந்துக்கு வருகிறேன். ரஷ்யர்களுக்கு ஆண்டின் தலையாய பண்டிகை கிறிஸ்துமஸ் அன்று, புத்தாண்டுதான். புத்தாண்டை ஜனவரி முதல் நாளுக்கு மாற்றி 1699 டிசம்பரில் ஆணையிட்டவர் மாமன்னர் பீட்டர். அதற்கு முன்னர் அங்கே ஆண்டு செப்டம்பரில் பிறந்துகொண்டிருந்தது. சோவியத் ஆட்சி கிறிஸ்துமஸையும் அதன் மரத்தையும் ஒதுக்கியது. பிறகு 1935 டிசம்பர் 28 அன்று 'பிராவ்தா' நாளிதழில் கட்சித் தலைவர்களுள் ஒருவரான பாவெல் போஸ்திஷெவ் எழுதிய கடிதத்தைத் தொடர்ந்து மரம் மட்டும் திரும்பி வந்தது. ஆனால் கிறிஸ்துமஸ் மரமாக அல்ல, புத்தாண்டு மரமாக. பனித் தாத்தாவும் அவருடைய பேத்தியான பனிப்பெண்ணும் பரிசுப்பையும் அந்த மரத்தடிக்கு இடம்பெயர்ந்தார்கள். கிறிஸ்துமஸ், பழைய ஜூலியன் நாட்காட்டியைப் பின்பற்றும் திருச்சபையின் கணக்கில், ஜனவரி 7 அன்று வருகிறது. அரசு நாட்காட்டி 1918-இல் மாற்றப்பட்டபோது ஏற்பட்ட பதின்மூன்று நாள் இடைவெளியிலிருந்து இன்னொரு பண்டிகையும் பிறந்தது. ஜனவரி 13 நள்ளிரவில் கொண்டாடப்படும் அதற்குப் 'பழைய புத்தாண்டு' என்று பெயர். ஒரு சொல் 'பழைய', மறு சொல் 'புது'; இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கூச்சமில்லாமல் கொண்டாடுகிறார்கள்.

இந்தப் பண்டிகையின் உயிர் மேசையில் இருக்கிறது, அடுப்பில் இல்லை. மாணவர் விடுதியில், பேச்சுவழக்கில் 'ஒப்ஷாகா' என்று சொல்வார்கள், எங்கள் தளத்துக்கு ஒரு பொதுச் சமையலறை இருந்தது. நான்கு அடுப்புகளில் இரண்டுதான் எரியும். 2016 டிசம்பர் 31 பிற்பகல் மூன்று மணிக்கு அங்கே ஆறு பேர் கூடினோம். மூன்று நாடுகள், நான்கு தாய்மொழிகள், கூர்மையான கத்தி ஒன்றே ஒன்று. 'ஒலிவியே' என்னும் அந்தப் புகழ்பெற்ற கலவைக்கு உருளைக்கிழங்கு, கேரட், முட்டை, உப்பிலிட்ட வெள்ளரி, வேகவைத்த மென்மையான தொத்திறைச்சி அனைத்தையும் நறுக்க வேண்டும். எனக்குக் கேரட் தந்தார்கள். சாம்பாருக்கு நறுக்குவது போல நான் நறுக்கிவைத்ததைப் பார்த்த, அண்டைப் பகுதியான புரியாத்தியாவைச் சேர்ந்த பக்கத்து அறைப் பெண், டப்பாவிலிருந்து ஒரே ஒரு பச்சைப்பட்டாணியை எடுத்துப் பலகையின் மேல் வைத்து, 'இதுதான் அளவு' என்றாள். எந்தத் துண்டும் பட்டாணியைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது. ஒன்றரை மணி நேரம் நறுக்கினேன். நறுக்கியதையெல்லாம், வேறு நாட்களில் துணி ஊறவைக்கப் பயன்பட்ட, விளிம்பு பெயர்ந்த ஓர் எனாமல் பாத்திரத்தில் கொட்டி, மயோனைஸ் ஊற்றிக் கிளறினோம். வாயிற்காவல் பாட்டிக்கு முதல் தட்டு போனது. அன்றிரவு பதினொரு மணிக்குக் கதவைப் பூட்டும் விதி தளர்ந்தது அந்தத் தட்டினால்தான் என்று இன்றும் நம்புகிறேன்.

இரவு பத்து மணிக்கு எல்லாப் பண்டங்களும் ஒரே நேரத்தில் மேசைக்கு வந்தன. எதுவும் முன்னால், எதுவும் பின்னால் என்று இல்லை. தட்டு வைக்க இடமில்லாமல் மாண்டரின் ஆரஞ்சுகளை ஜன்னல் திட்டில் அடுக்கினோம். பழைய ஆண்டை வழியனுப்ப ஒரு சுற்று, 11.55-க்குத் தொலைக்காட்சியில் அதிபர் உரை. பிறகு கிரெம்ளின் கடிகாரத்தின் பன்னிரண்டு மணியோசை. அந்தப் பன்னிரண்டு அடிகளுக்குள் ஒரு துண்டுத் தாளில் விருப்பத்தை எழுதி, அதைக் கொளுத்தி, சாம்பலை ஷாம்பெயினில் போட்டுக் குடித்துவிட வேண்டும். நான் எழுதியது ஆய்வுக்கூடக் குறிப்பேட்டின் தடித்த தாளில். அது எரிந்து முடிவதற்குள் பத்தாவது மணி அடித்துவிட்டது. விரல் சுட்டதுதான் மிச்சம். அதன்பின் சாப்பிடத் தொடங்கினோம், அதாவது உண்மையிலேயே சாப்பிட. அந்தப் பாத்திரம் காலியானது ஜனவரி மூன்றாம் தேதி. ஜனவரி முதல் எட்டு நாட்கள் அங்கே பொது விடுமுறை. நூலகம் மூடியிருக்கும், கடைகள் பாதி நாள்தான், தேர்வுகளோ விடுமுறை முடிந்த கையோடு வந்து நிற்கும். ஆகவே பாடப்புத்தகத்தையும் ஒலிவியேவையும் ஒரே மேசையில் வைத்துக்கொண்டு அந்த நாட்களைக் கடத்துவதே மாணவர்களின் பண்டிகை.

இத்தனையையும் மனத்தில் சுமந்துகொண்டு உணவகத்துக்குப் போவது உணவகத்துக்கு நியாயமாகாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர்கள் விளம்பரத்தில் 'மெய்யான ரஷ்யப் புத்தாண்டு இரவு' என்று எழுதியிருந்தார்கள்.

ஆளுக்கு 118 வெள்ளி, அதன்மேல் பத்து விழுக்காடு சேவைக் கட்டணம், ஒன்பது விழுக்காடு பொருள் சேவை வரி. இரண்டு அமர்வுகள்: 6.30 முதல் 8.30 வரை ஒன்று, 8.45-க்கு அடுத்தது. எங்களுக்கு முதல் அமர்வில்தான் இடம் கிடைத்தது. உள்ளே அலங்காரம் அளவோடு இருந்தது. ஒரு மூலையில் மரம், சுவரில் ரயில் வண்டிகளில் தேநீர்க் குவளையைத் தாங்கும் உலோகக் கைப்பிடிகளின் வரிசை, ஒவ்வொரு தட்டின் அருகிலும் இரண்டு மாண்டரின் ஆரஞ்சுகள். தோழி அவற்றைச் சீனப் புத்தாண்டுக்கு முன்னேற்பாடு என்று எண்ணிவிட்டாள். ரஷ்யாவில் டிசம்பர் என்றாலே மாண்டரின் மணம்தான். அப்காசியாவிலும் ஜார்ஜியாவிலும் அறுவடையாகும் பருவம் அது. சோவியத் காலத்தில் குளிர்காலத்தில் கிடைத்த அரிய புதுப்பழம் என்பதால் அதன் தோலை உரிக்கும் மணமே பண்டிகையின் மணமாகிவிட்டது.

பிறகு பண்டங்கள் ஒவ்வொன்றாக வந்தன. குறை இங்கேதான் தொடங்குகிறது. ஒலிவியே, வட்ட அச்சில் அழுத்தி எடுத்த சிறிய கோபுரமாக, உச்சியில் ஒரு காடை முட்டையோடு வந்தது. நான்கு கரண்டி இருந்தால் அதிகம். துண்டுகளின் அளவு சரி, உப்பிலிட்ட வெள்ளரியின் புளிப்பும் சரி. பட்டாணிதான் சரியில்லை. டப்பாவில் அடைத்த மென்பட்டாணிக்குப் பதிலாக உறைநிலைப் பட்டாணியைக் கொதிநீரில் காட்டி எடுத்துப் போட்டிருந்தார்கள். பச்சை நிறம் கண்ணுக்கு அழகு, பல்லுக்கு நறுக்கென்று இருந்தது. 'புதியது நல்லது' என்னும் நம் காலத்து நம்பிக்கை செல்லுபடியாகாத இடங்களுள் ஒலிவியேவும் ஒன்று. மொத்தக் கலவையும் ஒன்றோடொன்று குழைந்து வர வேண்டிய இடத்தில் பட்டாணி மட்டும் தனித்து நின்றது.

'மேலங்கி போர்த்திய ஹெர்ரிங்' என்று பொருள்படும் அடுக்குப் பண்டத்தில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. உப்பிட்ட ஹெர்ரிங் மீனின் மேல் உருளைக்கிழங்கு, கேரட், கடைசியில் பீட்ரூட் என்று துருவலாக அடுக்கி, அடுக்குக்கு அடுக்கு மயோனைஸ் பூசி, முதல் நாளே குளிரில் வைத்து ஊறவிட்டிருக்கிறார்கள். ஊறாத மேலங்கி வெறும் பீட்ரூட் துருவல். ஊறியது வேறொரு பொருள். கத்தி இறங்கியபோது இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த கோடுகள் கலையாமல் நின்றன.

ஹலதேத்ஸைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். எலும்பும் காலும் சேர்த்து மணிக்கணக்காகக் கொதிக்கவைத்த சாறு, ஜெலட்டின் எதுவும் சேர்க்காமல் தானாகவே உறைந்து நிற்பது இது. எங்கள் விடுதியில் அதை இரட்டை ஜன்னலின் இரு கண்ணாடிகளுக்கும் நடுவே வைத்துவிடுவோம். பெல்மெனிக் கொழுக்கட்டைகளைப் பையில் கட்டி ஜன்னலுக்கு வெளியே தொங்கவிடுவோம். சைபீரியாவே குளிர்பதனப் பெட்டி. ஜாலான் புசாரில் ஹலதேத்ஸ் வந்த தட்டு சற்று வெதுவெதுப்பாக இருந்தது. தோழி படம் எடுத்து முடிப்பதற்குள் விளிம்பு வேர்த்து, அடியில் ஒரு சிறு குளம் கட்டிவிட்டது. சுவை சரியாகவே இருந்தது. பூண்டும் மிளகும் அளவோடு. தட்டை மட்டும் பத்து நிமிடம் குளிரில் வைத்திருக்கலாம். இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. இதில் பன்றிக்காலும் மாட்டிறைச்சியும் சேர்ந்திருக்கின்றன என்பது உணவுப் பட்டியலில் எங்கும் எழுதப்படவில்லை. கேட்ட பிறகுதான் சொன்னார்கள். நம்மில் பலர் மாட்டிறைச்சி உண்பதில்லை, முஸ்லிம் நண்பர்கள் இங்கே உண்ணவே இயலாது. ஆகவே முன்பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள்.

எட்டு மணிக்கு விளக்குகள் மங்கின. ஒலிபெருக்கியில் கிரெம்ளின் மணியோசை. பரிமாறும் இளைஞர் ஆளுக்கொரு கோப்பை ஷாம்பெயினோடு ஒரு துண்டு அரிசித்தாளையும் சாப்பிடத்தக்க மையூறிய பேனாவையும் வைத்துவிட்டுப் போனார். கடைக்குள் நெருப்புக்கு அனுமதி இல்லையாதலால் தாளை எரிக்காமல் அப்படியே கோப்பையில் போட்டுக் கரைத்துக் குடிக்க வேண்டுமாம். எட்டு மணிக்கு எப்படிப் புத்தாண்டு பிறக்கும் என்று கேட்டேன். ரஷ்யாவில் பதினொரு நேர மண்டலங்கள் இருப்பதால், நம் எட்டு மணி என்பது கம்சாத்காவின் நள்ளிரவு என்று விடை வந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தேன், சரிதான். அந்தச் சாமர்த்தியத்தை மனத்துக்குள் பாராட்டினேன். ஆனால் எட்டு மணிக்கு இர்குத்ஸ்கில் என்ன நடந்துகொண்டிருக்கும் என்பது எனக்குத் தெரியும், ஏனென்றால் அங்கேயும் அப்போது எட்டு மணி: யாரோ ஒருத்தி கேரட்டைப் பெரிதாக நறுக்கித் திட்டு வாங்கிக்கொண்டிருப்பாள்.

8.20-க்கு பெல்மெனி வந்தது. 8.25-க்கு மெதோவிக் தேன் கேக்கும் விலைச்சீட்டும் சேர்ந்தே வந்தன. எட்டு மெல்லிய அடுக்குகள், நடுநடுவே புளிப்புப் பாலேடு. நின்று நிதானமாகச் சாப்பிட வேண்டிய அந்தக் கேக்கை, வாசலில் அடுத்த அமர்வுக்காரர்கள் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருக்க, விழுங்கினோம் என்றுதான் சொல்ல வேண்டும். 8.32-க்குத் தெருவில் நின்றிருந்தோம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்குத் திரும்பி, பன்னிரண்டு மணிக்குச் சன்னல் வழியே எங்கோ வாணவேடிக்கை வெடிக்கும் சத்தத்தைக் கேட்டபடி, நான் அம்மா வைத்திருந்த தயிர்சாதத்தைச் சாப்பிட்டேன். பசித்தது.

சிறிய கடைக்கு இரண்டு அமர்வுகள் இல்லாமல் கட்டுப்படியாகாது என்பதை அறிவேன். ஜாலான் புசார் வாடகை என்னவென்று கேள்விப்பட்டவர்கள் அந்தக் கணக்கைக் குறைசொல்ல மாட்டார்கள். என் குறை கணக்கைப் பற்றியதன்று. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மேசை நிறைய வைத்துவிட்டிருந்தால், அதே இரண்டு மணி நேரத்திலேயே அது புத்தாண்டாக இருந்திருக்கும். தட்டுத்தட்டாக எடுத்துச் சென்று தட்டுத்தட்டாகக் கொடுப்பது பிரெஞ்சு விருந்துக்குப் பொருந்தலாம். நம் ஊர்க் கல்யாணப் பந்தியில் சாம்பாரை வைத்துவிட்டு, அதைச் சாப்பிட்டு முடித்தபின்தான் பொரியல் வரும் என்று சொன்னால் எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது.

மறுபடி போகும் எண்ணம் இருக்கவில்லை. வெளியே வரும்போது கதவருகே ஒட்டியிருந்த சிறு அறிவிப்பு மட்டும் மனத்தில் நின்றது: ஜனவரி 25 அன்று மாணவர் அட்டையைக் காட்டுவோருக்குத் தேநீர் இலவசம். அது தத்தியானா நாள். 1755-இல் பேரரசி எலிசவெத்தா மாஸ்கோ பல்கலைக்கழகத்தைத் தொடங்கும் ஆணையில் அந்த நாளில் கையெழுத்திட்டதால் ரஷ்யா முழுவதும் அது மாணவர் நாளாகிவிட்டது. குளிர்காலத் தேர்வுகள் முடியும் சமயமாகவும் அமைந்துவிட்டதால் கொண்டாட்டத்துக்குக் குறைவிருக்காது. தேர்வுக்கு முந்தைய நள்ளிரவில் மதிப்பெண் ஏட்டை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, 'ஹல்யாவா, வா!' என்று கூவுவார்கள். உழைக்காமல் கிடைக்கும் பேறு என்பது அச்சொல்லின் பொருள். நானும் நீட்டியிருக்கிறேன். அது வந்ததா என்பதை என் நீர்வேதியியல் மதிப்பெண் சொல்லும். இந்த அறிவிப்பை எழுதத் தோன்றியவர் விடுதி வாழ்க்கையை அறிந்தவராகத்தான் இருக்க வேண்டும் என்று பட்டது. அந்த ஒரே காரணத்துக்காக, பழைய புத்தாண்டு இரவன்று அம்மாவைக் கூட்டிச் சென்றேன்.

அன்று சிறப்பு விருந்து இல்லை, அமர்வு நேரம் இல்லை. நான்கு மேசைகளில்தான் ஆட்கள். சமையல்கார அம்மையாரே வெளியே வந்து கேட்டார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். அவருடைய பெயரையும் தந்தைபெயரையும் கேட்டறிந்து, இரண்டையும் சேர்த்து அழைத்து, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கொண்டுவர முடியுமா என்று ரஷ்ய மொழியில் கேட்டேன். ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு, 'வேறு எப்படிக் கொண்டுவருவது?' என்றார். முப்பத்தோராம் தேதி ஏற்பாடு யாருடைய யோசனை என்பது எனக்கு அப்போது ஓரளவு விளங்கியது.

ஒலிவியே இம்முறை கோபுரமாக அல்ல, குழிந்த கண்ணாடிப் பாத்திரத்தில் குவியலாக வந்தது. 14 வெள்ளி, மூவர் சாப்பிடலாம். மேலங்கி ஹெர்ரிங் 16 வெள்ளி. மேலே தூவியிருந்த கீரையை அம்மா கிள்ளி முகர்ந்து, 'இது சதகுப்பையில்ல? பிள்ள பெத்தவளுக்குக் குடுக்கிறது' என்றார். சதகுப்பைதான், ரஷ்யச் சமையலில் அது விழாத பாத்திரம் இல்லை. உருளைக்கிழங்கும் காளானும் வைத்த வரேனிகி, பிறைவடிவக் கொழுக்கட்டை, 22 வெள்ளி. பழைய புத்தாண்டன்று இதில் ஒரு விளையாட்டு உண்டு: சிலவற்றுக்குள் மட்டும் வேறு ஏதாவது ஒளித்து வைப்பார்கள். காசு வந்தால் பணம், நூல் வந்தால் நெடும்பயணம், இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு பலன். கடையில் பல்லுக்குப் பங்கம் வராதபடி பயறும் மிளகும் மட்டும் வைத்திருந்தார்கள். அம்மாவுக்கு மிளகு வந்தது; ஆண்டு காரசாரமாக இருக்கும் என்றார் அம்மையார். 'வீட்ல ரசம் வெக்கிறதுக்குச் சொல்றாங்க போல' என்றார் அம்மா.

குத்யாதான் அன்றைய இரவின் பண்டம். முழுக் கோதுமையை வேகவைத்துத் தேன், உலர்திராட்சை, கசகசா சேர்த்துச் செய்வது. கிறிஸ்துமஸுக்கு முந்திய மாலையில், முதல் விண்மீன் தெரிந்த பிறகு, நோன்புச் சாப்பாடாகப் பால் நெய் இல்லாமல் உண்பார்கள். பழைய புத்தாண்டுக்கு நோன்பு முடிந்துவிடுவதால் பாலும் வெண்ணெயும் தாராளம். பார்வைக்கும் பதத்துக்கும் நம் கோதுமைப் பொங்கலேதான். ஆனால் கசகசா சிங்கப்பூரில் தடைசெய்யப்பட்ட பொருள். ஊரிலிருந்து வரும் உறவினர்களிடம் அம்மா தொலைபேசியில் முதலில் சொல்வதே அதைப் பெட்டியில் வைத்துவிடாதீர்கள் என்பதுதான். அதற்கு மாற்றாக இங்கே கருப்பு எள்ளை வறுத்து இடித்துச் சேர்த்திருந்தார்கள். அம்மாவின் கரண்டி பாதி வழியில் நின்றது. 'ஏம்மா, விடிஞ்சாப் பொங்கல். இன்னைக்கு எள்ளா?' என்றார். எள் நம்மிடையே யாரை நினைத்து இறைக்கப்படுவது என்பதை அம்மையாருக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் சற்றும் தயங்காமல், குத்யாவும் அப்படித்தான், இறந்தவர்களுக்கான சாப்பாட்டிலும் இதைத்தான் முதலில் வைப்போம், பண்டிகையன்று அவர்களையும் உட்காரச் சொல்வதற்காகச் சமைப்பது என்றார். அதையும் மொழிபெயர்த்தேன். அம்மா சிறிது நேரம் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அப்பாவுக்கு இனிப்பு பிடிக்கும் என்று சொல்லி உண்ணத் தொடங்கினார். கிண்ணம் 10 வெள்ளி. தேன் சற்றுக் கூடுதல். எள் கசகசாவைவிட மணம் மிகுந்தது என்பதால் திராட்சை அடிபட்டுப்போகிறது. இருந்தாலும் இந்தக் கடையில் ஒன்றே ஒன்றைத்தான் சாப்பிட முடியும் என்றால் இதைச் சொல்வேன்.

தேநீர் 11 வெள்ளி, விலை அதிகம் என்று தோன்றும். ஆனால் ஒரு குடுவையில் இறுகக் காய்ச்சிய வடிநீரும் தனியே சமோவாரில் வெந்நீரும் தந்து, வேண்டிய மட்டும் கலந்து குடிக்க விடுகிறார்கள். காப்பிக்கடையில் 'தே ஓ' (பாலில்லாத தேநீர்) கலக்குகிறவரின் கையைக் கவனித்தவர்களுக்கு இந்த முறை புதிதாக இராது. கூடவே ஒரு கிண்ணத்தில் செர்ரிப்பழப் பாகு. அதைத் தேநீரில் கலக்காதீர்கள். கரண்டியில் எடுத்து வாயில் போட்டுக்கொண்டு தேநீரைக் குடிக்க வேண்டும். இரண்டே முக்கால் மணி நேரம் அமர்ந்திருந்தோம். யாரும் விலைச்சீட்டை நீட்டவில்லை.

சைவர்களுக்கு ஒரு குறிப்பு. நவம்பர் 28 முதல் ஜனவரி 6 வரை நாற்பது நாள் திருச்சபை நோன்பு. அந்த நாட்களில் இறைச்சி, பால், முட்டை எதுவும் சேராத தனிப்பட்டியல் ஒன்றைக் கடை வைத்திருக்கிறது, கேட்டால் தருவார்கள். காளான் சாறும், சூரியகாந்தி எண்ணெய் ஊற்றிய பீட்ரூட் கலவையும், காளானோடு வதக்கிய பக்வீட் என்னும் தானியச் சோறும் அதில் உண்டு. என் சொந்த ஆதங்கம், இர்குத்ஸ்கில் தெருவுக்குத் தெரு விற்கும் புரியாத்திய ஆவிக் கொழுக்கட்டையான 'போஸி' இங்கே இல்லை என்பது. அது ரஷ்ய உணவன்று என்று பரிமாறும் இளைஞர் சொன்னார். சைபீரியாவில் மூன்று ஆண்டுகள் அதைத் தின்று வளர்ந்தவளிடம் சொல்லக் கூடாத சொல்.

மிஞ்சிய ஒலிவியேவைப் பெட்டியில் போட்டுத் தந்தார்கள். மறுநாள் காலை, பால் பொங்கி, படையல் முடிந்த பிறகு, அம்மா குளிர்பதனப் பெட்டியைத் திறந்து அதில் இரண்டு கரண்டி எடுத்துத் தன் இலையின் ஓரத்தில் வைத்துக்கொண்டார். இர்குத்ஸ்கில் ஜனவரி முதல் தேதிக் காலை உணவும் நேற்றைய ஒலிவியேதான் என்று நான் சொல்லத் தொடங்கியதை அவர் கவனிக்கவில்லை. மென்றுகொண்டே இருந்தவர், 'எல்லாம் நல்லாத்தான் இருக்கு. பட்டாணிய இன்னும் கொஞ்சம் வேக விட்டிருக்கலாம்' என்றார்.